வாசலில் கிழித்த கார்டு

1

மெல்பர்னிலிருந்து வந்திறங்கிய என் மகள் ரேவதியின் பெட்டியில் இந்த முறை சாக்லேட் குறைவாகவும் வயர்கள் அதிகமாகவும் இருந்தன. அவள் அம்மா கஸ்தூரி இறந்து ஒரு வருடம் ஆகிறது. முதல் வருடத் திதிக்காக மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவள், துணிகளுக்கு நடுவே துவாலை சுற்றி ஒரு ஸ்கேனரையும் கொண்டுவந்திருந்தாள். விமான நிலையத்தில் அதை மூன்று முறை திறந்து காட்டச் சொன்னார்களாம். பச்சைக் குழந்தையைத் தூக்கி வந்த மாதிரி பத்திரமாக மேசைமேல் வைத்தாள். எங்கள் புனே விஷ்ராந்த்வாடி வீட்டில் இருப்பது ஒரே மேசை. அன்றிலிருந்து நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

வெளிநாட்டுத் தமிழர்கள் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் புனேக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆசிரியரே முதலில் கேட்டார். பாஸ்போர்ட் தேவையில்லை என்பதைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றுதான் ஐயா என்று பதில் எழுதினேன். இங்கே வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் புதிதாகப் பழகுகிறவர் யாரானாலும் முதல் கேள்வி, “தும்ச்ச காவ் குட்ல?” என்பதுதான். உங்கள் ஊர் எது? குடியாத்தம் என்றால் யாருக்கும் தெரியாது. அதனால் “மெட்ராஸ்” என்று சொல்லிவிடுவேன். மெட்ராஸை நான் ரயில் மாறுவதற்காக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கஸ்தூரியின் இறப்புச் சான்றிதழ் வாங்க வார்டு ஆபீசுக்கு நாலு நடை நடந்தபோதும் இதே கேள்வி வந்தது. அந்த கிளார்க் நல்ல மனிதர், கேட்டது படிவத்துக்காகத்தான். அன்றைக்கு மட்டும் ஏனோ “விஷ்ராந்த்வாடி” என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குடியாத்தத்தில் எனக்கு இப்போது இருப்பது என் தங்கை சரசு ஒருத்திதான். இந்தப் பத்திரிகையை அவள் சந்தா கட்டி வாங்குகிறாள். என் எழுத்து வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டுவாள் என்று கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, நான் எங்கே கதை அளந்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் படிக்கிறாள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

ரேவதி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நூலகத்தில் இருக்கிறாள் என்பேன். இந்த முறைதான் உட்கார வைத்து விளக்கினாள். அவள் இருக்கும் பகுதியில் கிரேக்க நாட்டிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் கடிதம், படம், கப்பல் டிக்கெட், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, யாருடையது, எந்த ஊர், யார் யாருக்கு எழுதியது என்று குறித்து, கம்ப்யூட்டரில் ஒரு காப்பகமாகச் சேர்க்கிறார்கள். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் இவள்தான் ஒரே இந்தியாக்காரி.

“அவங்க பசங்களுக்கு கிரீக் படிக்க வராதுப்பா. லெட்டர வச்சிக்கிட்டு சும்மா பாத்துட்டே இருப்பாங்க. ஒருத்தர் அழுதாரு” என்றாள்.

“உனக்குப் படிக்க வருமா?”

“எழுத்து படிப்பேன். கோர்ஸ் போனேன், ஆறு மாசம்.”

தமிழில் அவளுக்கு அவள் பெயரை எழுதத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். கிரேக்கம் தெரியாத கிரேக்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாத என் மகள் துணையாக இருக்கிறாள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஷிப்டு முடிந்து வந்து அவளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதாகக் கஸ்தூரியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வந்ததும் தூங்கிவிடுவேன். காலையில் நடக்கப் போகும்போது நானே அடிகளை எக், தோன், தீன் என்று மராட்டியில்தான் எண்ணுகிறேன். எப்போது மாறியது என்று தெரியவில்லை.

அவள் அதிகம் பேசியது யோர்கோஸ் என்ற முதியவரைப் பற்றி. பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து கார் தொழிற்சாலையில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். அம்மா எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாராம். எல்லாவற்றையும் கொடுத்தார். ஒரே ஒரு கடிதத்தை மட்டும் தான் உயிரோடிருக்கும் வரை யாரும் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். அந்தக் காப்பகத்தில் ஒவ்வொரு காகிதத்துக்கும் மூன்று வழி உண்டு. எல்லோரும் பார்க்கலாம், குடும்பத்தார் மட்டும் பார்க்கலாம், அல்லது மூடி வைக்கலாம். யோர்கோஸ் மூடி வைத்துவிட்டார். அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் போலிருந்தது.

“ஊர்ல இருந்தவங்க கையெழுத்துதான் ஃபர்ஸ்ட் பேஜ்ல வைப்போம்ப்பா. போனவங்க கதை எல்லாருக்கும் தெரியும். இருந்தவங்கது தெரியாது. நம்ம தாத்தா எழுதினது ஏதாச்சும் இருக்கா? ஏக் பி சலேகா. ஒண்ணு போதும்.”

அப்பா எனக்குத் தன் கையால் எழுதியது ஒரே ஒரு தடவைதான். மற்ற கடிதங்கள் எல்லாம் அவர் சொல்லச் சொல்லச் சரசு எழுதியவை, வீடு மாறி மாறி அவையும் போய்விட்டன. அந்த ஒன்று என் அம்மா இறந்ததைச் சொல்லி வந்த தபால் கார்டு. அதை எங்கே என்று எடுப்பது?

ரேவதிக்கு நம் வழக்கத்தைச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை என்றால் மஞ்சள் தடவி வருஷக்கணக்கில் வைத்திருப்போம். சாவுச் செய்தி வந்தால் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவோம். அதனால் எந்தத் தமிழ் வீட்டில் தேடினாலும் கல்யாணம் கிடைக்கும், சாவு கிடைக்காது.

அவள் அதைத் தன் மடிக்கணினியில் குறித்துக்கொண்டாள். “இன்ட்ரெஸ்டிங்” என்றாள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

3

மீதியை இங்கே சொல்கிறேன்.

அப்போது புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தேன். ஏழு மாதம் வேலை கொடுப்பார்கள், பிறகு ‘பிரேக்’ என்று வீட்டுக்கு அனுப்புவார்கள், திரும்பக் கூப்பிட்டால் உண்டு. மூன்று பிரேக் பார்த்தாகிவிட்டது. நிரந்தரம் செய்யப் போகிறவர்களின் பட்டியல் தயாராகிறது, இரண்டு வாரத்துக்குள் மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பார் என்று பேச்சு. கல்யாணமாகி எட்டு மாதம். ஒற்றை அறை, வாசலில் பொதுக் குழாய்.

தபால்காரர் கார்டை என் கையிலேயே கொடுத்தார். அப்பாவின் எழுத்தைப் பார்த்ததுமே வாசலிலேயே நின்று படித்தேன். அம்மா போய்விட்டாள், தந்தி கொடுத்தாலும் நீ மண் போட வந்து சேர முடியாது, அதனால் கார்டு எழுதுகிறேன், பதினாறாம் நாள் காரியம், நீ வந்துதான் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்று ஐந்தாம் நாள். ரயில் பயணம் இரண்டு நாள். தாராளமாக நேரம் இருந்தது.

வாசலில் நின்றபடியே அழுதேன். அதில் பொய் இல்லை. அழுதுகொண்டேதான் பட்டியலையும் நினைத்தேன். கஸ்தூரி உள்ளிருந்து ஓடி வந்து என்னவென்று கேட்டாள். அம்மா போய்விட்டாள் என்றேன். அவளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எப்பங்க கெளம்பலாம்?” என்று கேட்டாள்.

“காரியமெல்லாம் முடிஞ்சிபோச்சாம். கார்டு லேட்டா வந்துகீது” என்று வாயில் வந்துவிட்டது. நான் யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு திருப்பிக்கொள்ளவும் இல்லை. கார்டை நாலாகக் கிழித்து வாசல் ஓரம் போட்டுவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வழக்கம் அதுதானே. யாரும் ஏன் கிழித்தாய் என்று கேட்கப் போவதில்லை.

பதினோரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். சூப்பர்வைசரிடம் விடுப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். தாய் செத்ததற்கு இல்லை என்று சொல்லும் ஆள் இல்லை அவர். பட்டியலில் என் பெயர் வந்ததற்குப் பேடா வாங்கிப்போனேன். கஸ்தூரி ஒன்றைச் சாமி படத்தின் முன் வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. பல்வலி என்றாள். நானும் நம்பினேன்.

பதினாறு கழிந்து ஒரு வாரம் ஆன பின் ஊருக்கு எழுதினேன். கார்டு நேற்றுத்தான் கிடைத்தது, என் தலையெழுத்து இப்படி என்று இரண்டு பக்கம்.

4

அந்த ஒரு வரி ஊரில் என்ன செய்தது என்று ஆறு மாதம் கழித்து நேரில் போனபோதுதான் தெரிந்தது.

கார்டு ஏன் தாமதமானது என்பதற்குச் சொந்தக்காரர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, அப்பா யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ போயிருக்கிறார். வீடு நிறைய ஆட்கள், மனிதரைக் காணோம். இருட்டிய பிறகு திரும்பி வந்து சுவரோரம் படுத்துவிட்டார். அப்பா பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர், சம்பள நாளில் குடிப்பவர். போதாதா? பெண்டாட்டியைப் புதைத்த அன்றைக்கே குடிக்கப் போய்விட்டார், மகனுக்கு எழுதிய கார்டைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போட்டிருக்கிறார் என்று பேசினார்கள். பெரியப்பா மகன் மொட்டை போட்டுக்கொண்டு காரியம் செய்தான். சரசு அப்பாவிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். சோறு போடுவாள், பேச மாட்டாள்.

கார்டு நேரத்துக்கு வந்தது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா மேல் விழுந்தது பொய்ப் பழி என்றும் தெரியும். இரண்டு நாள் இருந்தேன். மூன்று தடவை வாய் திறக்கப் போனேன். மூன்று தடவையும் சரசு எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். நான் குனிந்த தலை நிமிராமல், கார்டு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் என்று இழுத்தேன். அவரிடமும் நடித்தேன், பாருங்கள்.

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். “பூனா இன்னா பக்கத்திலயா கீது? தபாலுன்னா லேட்டாத்தான் வரும். நீ ஏறு, பஸ்ஸு கெளம்பப் போவுது” என்றார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். சரசு பிற்பாடு பேசத் தொடங்கினாள் என்றாலும் பழைய மாதிரி இல்லை. அவர் போனபோது தந்தி வந்தது. நிரந்தரத் தொழிலாளிக்குரிய விடுப்பில் போய் மொட்டை போட்டுக்கொண்டேன்.

5

திதிக்கு முதல் நாள் ரேவதியும் நானும் கேம்ப் மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலை வாங்கினோம். ஆட்டோக்காரரிடம் அவள் மராட்டியில் பேரம் பேசினாள். அதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் குரலில் தயக்கமே இல்லை. என்னிடம் பேசும்போதுதான் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்குகிறாள்.

படைத்துவிட்டு இலையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். காக்கை வரவில்லை. புறாக்கள்தான் வந்தன. ரேவதி விரட்டப் போனாள். விடு, உன் அம்மாவுக்குப் புறா பிடிக்கும் என்றேன். கஸ்தூரிக்குப் புறாவைக் கண்டாலே ஆகாது, பால்கனியை நாசம் செய்கிறது என்று தினமும் திட்டுவாள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதனால் ஏதோ சொன்னேன்.

மாலையில் கஸ்தூரியின் பீரோவை ரேவதி காலி செய்தாள். கேம்ப்பில் ஒரு சேலைக் கடையில் கொடுத்த தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் கஸ்தூரி வீட்டுச் சாமான்களின் கேரண்டி கார்டுகளை வைத்திருப்பாள். குக்கர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, செத்துப்போன ஃபேன். அந்த உறையை நான் தொட்டதே இல்லை. ஏதாவது ரிப்பேர் என்றால் அவளேதான் எடுப்பாள்.

“அப்பா, யே க்யா ஹை? கிழிஞ்ச கார்டு இருக்கு.”

தபால் கார்டின் ஒரு கிழிசல். பழுப்பேறி, ஓரம் மழுங்கி இருந்தது. ஒரு பக்கம் எங்கள் பழைய பிம்ப்ரி முகவரியின் பாதி. மறுபக்கம் அப்பாவின் எழுத்தில் மூன்று வரிகளின் தொடக்கங்கள். ‘பதினாறாம் நாள்’ என்று ஒன்று. ‘நீ வந்துதான்’ என்று ஒன்று. மூன்றாவதில் ‘எதிர்பார்’ வரைக்கும் இருந்தது.

கஸ்தூரி எட்டாவது வரை படித்தவள். நான் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலைப் பெருக்கியிருக்கிறாள். படித்திருக்கிறாள். சாவுச் செய்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தெரிந்தும் கொண்டுவந்து, ஆறு வீடு மாறியும் தொலைக்காமல், காலம் முழுக்க வைத்திருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. வருடா வருடம் அம்மாவுக்குப் படைக்கும் நாளை நான் மறந்தாலும் அவள் மறந்ததில்லை. அன்றைக்குக் கட்டாயம், “சரசுகிட்ட பேசினீங்களா?” என்று கேட்பாள். பேசினேன் என்பேன். இன்னும் ஏதோ சொல்வேன் என்று நிற்பது போல் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு அடுக்களைக்குப் போய்விடுவாள். அவள் எதற்காக நின்றாள் என்று இப்போது புரிகிறது. போய்ச் சொல்வதற்கு அவள் இல்லை.

6

ரேவதி அதற்குள் விளக்கைத் திருப்பிக் கார்டின் முகவரிப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து எட்டாது, முத்திரை எட்டும்.

“லெட்டர்ல ஜூட், பொய் எழுதலாம்ப்பா. முத்திரைல முடியாது. யோர்கோஸ் பாக்ஸ்ல எல்லாமே நான் முத்திரை வச்சுத்தான் அடுக்கினேன்.” பிறகு சொன்னாள், “இதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு இங்க டெலிவரி பண்ணினது. இன்னொண்ணு காட்பாடி ஆர்.எம்.எஸ். நடுவுல நாலு நாள்தான். அந்தக் காலத்துக்கு ரொம்ப ஃபாஸ்ட். அது என்னப்பா ஆர்.எம்.எஸ்.?”

அன்றைக்கு நான் முகவரிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முத்திரையை யார் பார்ப்பார்கள்?

ரயில் தபால் என்று சொன்னேன். ஊர்ப் பெட்டியில் போட்டால் மறுநாள்தான் எடுப்பார்கள். அவசரமென்றால் காட்பாடி ஜங்ஷனுக்கே போய் அங்குள்ள பெட்டியில் போட வேண்டும், அன்றைய வண்டியிலேயே போய்விடும். முத்திரையில் எந்தத் தேதி என்று கேட்டேன். சொன்னாள். அது அம்மாவை அடக்கம் செய்த நாள்.

அப்பா அன்று மாலை குடிக்கப் போகவில்லை. பெண்டாட்டியைப் புதைத்த கை ஈரத்தோடு பஸ் ஏறிக் காட்பாடிக்குப் போயிருக்கிறார், நான் வந்து சேர வேண்டுமே என்று. அதை வீட்டில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், அவர் மேல் விழுந்த பழி போயிருக்கும். ஆனால் காட்பாடியில் போட்ட கார்டு மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேராது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் சொல்லியிருந்தால் நான் பொய்யன் என்பது அம்பலமாகியிருக்கும். குடிகாரன் என்ற பெயரை எட்டு வருடம் தாங்கிக்கொண்டு, அதோடேயே போய்ச் சேர்ந்தார். தபாலுன்னா லேட்டாத்தான் வரும்.

ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் சொல்லி, அவளுக்குப் புரியாத இடங்களில் இந்தியில் சொல்லி, இரண்டிலும் வராத இடங்களில் கார்டைத் தொட்டுக் காட்டி. அவள் என்னைத் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. கார்டை ஸ்கேனரின் கண்ணாடிமேல் வைத்தாள், இரண்டு பக்கமும் எடுத்தாள். பிறகு கேட்டாள்:

“எல்லாருக்குமா, ஃபேமிலிக்கு மட்டுமா, மூடணுமா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். முதலில் சரசுவிடம் சொல்ல வேண்டும்.

7

ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்தேன். நலம் விசாரித்து முடித்துவிட்டு, அப்பாவோட கார்டு ஒரு துண்டு கிடைத்தது என்று ஆரம்பித்தேன். சரசு பெருமூச்சு விட்டாள்.

“அத ஏன்ணா இப்ப கெளர்றே? அந்த மனுஷன் அன்னிக்கு மட்டும் ஒயுங்கா கார்டு போட்டிருந்தா, எங்கண்ணன் ரயில்லேந்து குதிச்சாவது வந்திருப்பான்னு இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினுதான் இருக்கறேன். பதினாறாம் நாளு காலைல பஸ் ஸ்டாண்டுல நாலு பஸ்ஸு பாத்தேன் தெரியுமா, நீ எறங்குவியான்னு?”

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. ரேவதி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். சரசு வெயிலைப் பற்றிச் சொன்னாள். வைத்துவிட்டேன்.

ரேவதி போய் இரண்டு வாரம் ஆகிறது. மேசை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கார்டுத் துண்டு இன்னும் குக்கர் கேரண்டிக்கும் மிக்ஸி கேரண்டிக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதை வேறு இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் பார்க்கலாம் என்று குறித்துக்கொள்ளச் சொல்லி மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். யோர்கோஸ் என்ன செய்தாரோ, அது அவர் பாடு.

சரசு, இதை நீ பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியிருப்பாய். பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் இதுவரை வந்திருந்தால், இதையும் உரக்கவே படி. அவர்களும் கேட்கட்டும். கார்டு ஐந்தாம் நாளே வந்துவிட்டது. நான்தான் வரவில்லை. அப்பா அன்றைக்குக் குடிக்கப் போகவில்லை, காட்பாடிக்குப் போனார்.

வாசலுக்குப் போய் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு நீ தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வராவிட்டால் புரிந்துகொள்வேன். ஆனால் அப்பா படத்துக்கு ஒரு பூ வை. அவரிடம் பேசு.